உரல் சத்தம் நின்ற வீடு

நிமாக்கோவைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் அவனைப் பற்றி ஆயிரம் குறை சொல்வேன், அது வேறு. அவன் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், மூலையில் ஒரு குழாய், குளியலறைக்கு முன்னால் எப்போதும் ஒரு சண்டை. இதுதான் எங்கள் வீடு. கானாவில், இந்தக் குமாசி ஊரில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வீட்டில்தான் பிறந்து வளர்ந்து சாகிறோம். நான் தையற்காரி. என் மெஷின் முற்றத்து வாசலில் இருக்கிறது. அங்கேதான் வெளிச்சம் வரும், அதனால் அங்கே வைத்திருக்கிறேன். வருகிறவர் போகிறவர் எல்லாம் என் கண்ணில் படுகிறார்கள் என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நிமாக்கோ சுவாமே கார்ப் பட்டறைகளில் டிங்கர். அடிபட்டு நசுங்கி வருகிற கார்க்கதவுகளைத் தட்டித் தட்டி நிமிர்த்துகிற வேலை. பகலெல்லாம் தகரத்தைத் தட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து உரலில் தட்டுவான். பிள்ளைகள் எல்லாம் ஆளாகி அக்ராவுக்குப் போய்விட்டார்கள். அதனால் இடிப்பதற்கு அவன், திருப்புவதற்கு அவன் மனைவி டூஃபி. மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் அவித்து உரலில் போட்டு, டூஃபி குட்டை முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். உலக்கை மேலே போகும்போது அவள் ஈரக்கை உள்ளே போய் மாவைப் புரட்டும். உலக்கை இறங்குவதற்குள் கை வெளியே வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறது, ஒரு விரல்கூட நசுங்கியதில்லை.

இடித்துக்கொண்டே பேசுவார்கள். ஒவ்வோர் இடிக்கும் ஒரு பேச்சு.

"உன் தங்கச்சி வந்துட்டுப் போனா."

தொம்.

"எதுக்கு?"

தொம்.

"எதுக்கு வருவா? என் பெரிய சட்டியை இரவல் கேக்கத்தான்."

தொம்.

"குடுத்தியா?"

தொம்.

"போன தடவை வாங்கிட்டுப் போனது இன்னும் அவ மாப்பிள்ளை வீட்டுல இருக்கு. அதுக்குத் துணைக்கு இதையும் அனுப்பவா?"

நிமாக்கோ சிரித்த சிரிப்பில் உலக்கையை உரல் விளிம்பில் போட்டுவிடுவான். அவள் திட்டுவாள். மறுபடி தொம். நான் அதைக் கேட்டுக்கொண்டேதான் பித்தான் தைப்பேன். ரேடியோ வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்புறம் அவன் சாப்பிட உட்காருவான். அந்த ஃபுஃபு உருண்டையைப் பார்க்கவேண்டும், பிறந்த குழந்தையின் தலையளவு. செம்பனைக் குழம்புக்கு நடுவே அதைத் தூக்கி வைத்தால் சட்டி விளிம்புவரை குழம்பு ஏறும். அவன் கிள்ளி எடுத்து, குழம்பில் முக்கி, அப்படியே விழுங்குவான். ஃபுஃபுவை மெல்லக்கூடாது. மெல்லுகிறவனைப் பார்த்தால் வெளியூரா என்று கேட்போம்.

இப்படி இருந்தவனுக்குக் காலில் ஒரு தகரம் கிழித்தது. டிங்கருக்கு அது கொசுக்கடி மாதிரி. ஆனால் புண் ஆறவில்லை. ஆறுவதுபோல் ஆறி மறுபடி வாய் திறந்தது. டூஃபிக்கு முகமே செத்துவிட்டது. ஏனென்றால் நிமாக்கோவின் அண்ணன் அஜெய்க்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு காலை எடுத்தார்கள், பிறகு ஆளே போய்விட்டார். அவர் பெண்டாட்டி இன்றைக்கும் சந்தையில் தனியாக உட்கார்ந்து வெங்காயம் விற்கிறாள். டூஃபி அவனைக் காதைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

சர்க்கரை. அஜெய்க்கு இருந்த அதே சர்க்கரை. நர்ஸ் சின்னப் பெண், ஆனால் கண்டிப்பானவள் என்று டூஃபி வந்து சொன்னாள்.

"ஃபுஃபுவைக் குறைக்கணும் ஐயா. இப்ப எவ்வளவு சாப்பிடுறீங்க?"

நிமாக்கோ இரண்டு கையையும் வைத்து அளவு காட்டியிருக்கிறான். நர்ஸ் திகைத்துப்போய் டூஃபியைப் பார்த்தாளாம். டூஃபி அவன் கைகளைப் பிடித்து இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்து வைத்தாளாம்.

"கென்கே சாப்பிடலாமா?" என்று கேட்டானாம். கென்கே மக்காச்சோள மாவு உருண்டை, அதுவும் அதே சாதிதானே.

"அதையும் குறைக்கணும்."

"சோறு? ரொட்டி?"

"எல்லாமேதான். கீரை, மீன், முட்டை, கத்தரிக்காய் இதெல்லாம் நல்லாச் சாப்பிடுங்க."

"அப்ப குழம்பை எதுமேல ஊத்துறது?"

"கீரைமேல ஊத்திக்குங்க."

"கீரையே குழம்புக்குள்ளதாம்மா கிடக்கு. அதை வெளிய எடுத்து வெச்சு, அதுமேலயே திரும்பவும் ஊத்தணுமா?"

நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாளாம்.

நர்ஸ் சொன்னது குறைக்கவேண்டும் என்று. டூஃபி காதில் விழுந்தது ஒழிக்கவேண்டும் என்று. அஜெய்யின் கால் போனதைக் கண்ணால் பார்த்தவள் அவள், அரைகுறை வேலையெல்லாம் அவளிடம் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அந்தக் கனத்த உரலை உருட்டிக்கொண்டே போய்க் குளியலறைக்குப் பின்னால் சாய்த்துவைத்தாள். உலக்கையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். உரல் சும்மா கிடக்கிறதே என்று என் கோழி அதற்குள் போய் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. நான் போய்த் தூக்கப் பார்த்தேன். "இருக்கட்டும் அக்கா, இனி அது வேற எதுக்கு ஆகப்போகுது" என்று டூஃபி சொல்லிவிட்டாள்.

அன்று தொடங்கியது நிமாக்கோவின் பத்தியம். அக்ராவிலிருந்து மகள் போனில் ஒரு யோசனை சொன்னாள். முட்டைக்கோசை மிக்ஸியில் அரைத்து, அடுப்பில் கிளறி, ஏதோ ஒரு பொடி போட்டால் ஃபுஃபு மாதிரியே திரண்டு வருமாம். டூஃபி செய்தாள். பார்வைக்கு ஃபுஃபுவேதான், வெளிறிப்போன ஃபுஃபு. நிமாக்கோ கிள்ளினான், முக்கினான், விழுங்கினான். 

"எப்படி இருக்கு?" என்றாள் டூஃபி.

"தொண்டைக்குள்ள போனது தெரியுது. வயித்துக்கு இன்னும் வந்து சேரல."

"நாளாக நாளாகப் பழகிடும்."

"எனக்கா, வயித்துக்கா?"

அந்தக் கோசு உருண்டையை மறுநாள் என் கோழிக்குப் போட்டேன். அடையிலிருந்து எழுந்து வந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டு அதுவும் திரும்பிப் போய்விட்டது.

பிறகு மீன், முட்டை, சேம்பிலைக் கீரை, குட்டிக் கத்தரிக்காய், காளான், ஆட்டிறைச்சி. டூஃபி கைப்பக்குவத்துக்கு என்ன குறை? ஆனால் எல்லாவற்றையும் மெல்லவேண்டியிருந்தது. "தாடை விட்டுப்போச்சு அக்கா. நான் என்ன ஆடா, நாள் முழுக்க அசைபோட?" என்று என்னிடம் வந்து புலம்புவான். பட்டறையில் மத்தியானம் ஆனால் இன்னும் கஷ்டம். எங்கள் ஊரில் ஒருவன் சாப்பிட உட்கார்ந்தால், போகிறவனைப் பார்த்து வா, கை நனை என்று கூப்பிடாமல் இருக்கமாட்டான். கூப்பிட்டால் மறுப்பதும் மரியாதை இல்லை. நிமாக்கோ அந்த நேரத்தில் ஏதாவது ஒரு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வானாம். ரிப்பேரே இல்லாத காருக்கு அடியில்கூடப் படுத்திருக்கிறான்.

ஒன்று சொல்லவேண்டும். அவன் ஏமாற்றவில்லை. இவ்வளவு பெரிய தீனிக்காரன் வாயைக் கட்டுவான் என்று நான் நினைக்கவே இல்லை. புண் ஆறியது. உடம்பு இளைத்தது. அவன் கால்சட்டைகளை நான்தான் இடுப்புப் பிடித்துக் கொடுத்தேன். பிடித்தேன், மறுபடி பிடித்தேன், கடைசியில் பின்பக்கத்துப் பைகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இதற்குமேல் பிடித்தால் ஒரே பைதான் மிஞ்சும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கைதட்டாத குறை. ஆனால் வீட்டில் சிரிப்புச் செத்துப்போயிற்று. இடிப்பது இல்லை என்றால் சமையல் சட்டென்று முடிந்துவிடுகிறது. டூஃபி தட்டை வைப்பாள், அவன் மென்று முடித்து எழுந்துவிடுவான், அவள் உள்ளே போய் டி.வி.யைப் போடுவாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். சுவருக்கு இந்தப் பக்கம் நான். மூன்று பேருக்கும் பேச்சில்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரை எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பது?

போதாததற்குச் சந்தேகம். அவன் வேலையிலிருந்து வந்ததும் டூஃபி அவன் வலது கையைப் பிடித்து மோந்து பார்ப்பாள், எங்கேயாவது வேர்க்கடலைக் குழம்பில் கை வைத்தானா என்று. டிங்கர் கை, கறை போகப் பெட்ரோல் போட்டுக் கழுவியிருப்பான். "பெட்ரோல் வாசனை வருதே, எதை மறைக்கக் கழுவின?" என்பாள். அவன் கையை உருவிக்கொண்டு போய்விடுவான். பழைய நிமாக்கோவாக இருந்தால் அந்தக் கேள்விக்கு அரைமணி நேரம் பதில் சொல்லியிருப்பான்.

"உடம்பு எப்படிப்பா இருக்கு?" என்று ஒருதடவை அவனைக் கேட்டேன்.

"உடம்புக்கு என்னக்கா, அது நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் சரியில்ல."

"அப்படிச் சொல்லாதே."

"அண்ணன் போனாலும் தின்னுட்டாவது போனான்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நான் கத்திய கத்தில் முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப்பார்த்தார்கள். ஆனால் கத்தி முடித்ததும் பயமாக இருந்தது. அவன் இப்படியே போனால் ஒருநாள் மனம் வெறுத்து அந்த உருண்டையைக் கையில் எடுத்துவிடுவான், அப்புறம் காலும் போகும் ஆளும் போவான். இல்லையென்றால் கால் பிழைக்கும், கல்யாணம் போகும். இரண்டில் ஒன்று நிச்சயம் என்று எனக்குப் பட்டது.

ஊர் சும்மா இருக்குமா? எங்களில் பெண்டாட்டி சமைத்ததைப் புருஷன் தொடாமல் ஒதுக்கினால் அது சும்மா கோபம் இல்லை, பஞ்சாயத்து வைக்கவேண்டிய விஷயம். பெண்டாட்டி அடுப்பை மூட்டாமல் விட்டால் அதுவும் அப்படித்தான். டூஃபி வீட்டில் உரல் சத்தம் கேட்பதில்லை. புருஷன் பாதியாக இளைத்துவிட்டான். போதுமே, மிச்சத்தை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். பேருந்து நிற்கிற முனையில் இருக்கிற ஃபுஃபு கடையில் நிமாக்கோவை ஒருத்தி பார்த்துவிட்டாள். வீட்டில் சோறு கிடைக்காமல் கடையில் வந்து நிற்கிறான் பாவம் என்று அவள் சொல்ல, அந்தப் பேச்சு வேன் ஏறி மாம்போங்குக்குப் போய், டூஃபியின் தாய்மாமன் போசம்பெம் காதில் இறங்கியது.

தாய்மாமன் என்றால் எங்களில் அப்பாவுக்கும் மேலே. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லோரும் வீடு திரும்புகிற நேரத்தில், பெரிய துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போசம்பெம் மாமா முற்றத்துக்குள் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பாட்டில். பாட்டிலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பெண் எடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த சாராயத்தை, உறவை முறிக்கும்போது பெண் வீட்டார் திருப்பிக் கொடுப்பார்கள். மாமா உறவைத் தீர்த்துவிடத்தான் வந்திருக்கிறார்.

தண்ணீர் கொடுத்தோம். நலம் விசாரித்தோம். என்னைச் சாட்சியாக உட்காரச் சொன்னார். சொல்லாவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன். நிமாக்கோவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ள, என் பொண்ணு சமைச்சதை நீ ஒதுக்கி வெச்சிருக்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஒதுக்கல மாமா. போடுறதைச் சாப்பிடுறேன்."

"போடுறதுன்னா என்னத்தைப் போடுறா?"

நிமாக்கோ தலையைக் குனிந்துகொண்டான். "கீரை."

"கீரையோட?"

"மீனு."

"அதோட?"

"அதோட கத்தரிக்கா."

மாமா கொஞ்ச நேரம் காத்திருந்தார், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று. ஒன்றும் வரவில்லை. டூஃபி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, குழம்பு வெச்சா அதுக்கு ஒரு உருண்டை வேணும்கிறதுகூட உனக்குத் தெரியாதா? குழம்பை மட்டும் கொண்டுவந்து வெச்சா, துணி இல்லாம ஆளைக் கொண்டுவந்து நிறுத்தின மாதிரி இருக்காது?"

"இந்த மனுசனுக்குச் சர்க்கரை மாமா. ஃபுஃபு தின்னா சர்க்கரை ஏறும்."

"ஃபுஃபுல எங்கடி சர்க்கரை இருக்கு? நான் பொறந்ததுலேர்ந்து தின்னுறேன், ஒருநாளும் இனிச்சதில்ல."

"உள்ள போய்ச் சர்க்கரையாகுதாம். நர்ஸ் சொன்னாங்க."

"அந்த நர்ஸுக்கு யாரு மாமன்?" என்று கேட்டார்.  நான் குறுக்கே புகுந்து அஜெய்யின் கதையை ஞாபகப்படுத்தினேன். அஜெய்யின் சாவுக்கு அவரும் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்திருந்தவர்தான். தாடையைத் தடவினார். "அதுவா இது?" என்றார். பாட்டிலை எடுத்து நாற்காலிக்குப் பின்னால் வைத்தார்.

"சரி, பேசித் தீர்க்கவேண்டிய விஷயம் இது. ஆனா மாம்போங்லேர்ந்து வந்திருக்கேன். வெறும் வயித்தோட நான் எதையும் தீர்த்ததில்ல."

டூஃபி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பஞ்சாயத்துக்கு வந்த தாய்மாமனுக்குக் கத்தரிக்காயும் கீரையும் வைத்தால் பாட்டில் மறுபடி முன்னால் வந்துவிடும். டூஃபி முனைக்கு ஓடிப்போய்க் கிழங்கும் வாழைக்காயும் வாங்கிவந்தாள். அடுப்பில் ஏற்றினாள். நிமாக்கோ குளியலறைப் பின்பக்கம் போய் உரலுக்கு முன்னால் குந்தினான். முதல் ஈடு பொரித்து முடித்த கோழி, அடுத்த ஈட்டு முட்டைமேல் விறைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தது. அவன் கையை நீட்டினான், அது கொத்தியது. மறுபடி நீட்டினான், மறுபடி கொத்தியது. கடைசியில் நான் போய்க் கோழியையும் முட்டைகளையும் என் துணிக்கூடைக்கு மாற்றினேன். ஒரு வாடிக்கையாளரின் பட்டுச் சட்டை அதற்கு மெத்தையாயிற்று.

உரலைக் கழுவி முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். டூஃபி முக்காலியில் உட்கார்ந்தாள். நிமாக்கோ உலக்கையை ஓங்கினான். தாளம் தப்பியது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"பாத்து இடி. என் விரல் எனக்கு வேணும்."

தொம்.

"வேணும்தான். என் கையைப் பிடிச்சு மோந்து பாக்க."

தொம்.

"பெட்ரோல் ஊத்திக் கழுவிட்டு வந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது?"

தொம்.

"டிங்கர் கையில பெட்ரோல் மணக்காம பன்னீரா மணக்கும்?"

தொம். நான் ஊசியில் நூல் கோப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு பேரும் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி எத்தனை நாளாயிற்று.

"கடையில உன்னைப் பாத்ததாச் சொன்னாங்க."

தொம்.

"போனேன்."

டூஃபியின் கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. நிமாக்கோவின் உலக்கையும் மேலேயே நின்றுவிட்டது.

"தின்னியா?"

"தின்னல. பின்பக்கமா நின்னு கேட்டுட்டு இருந்தேன்."

"என்னத்தக் கேட்ட?"

"இடிக்கிறதைத்தான். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா நம்ம வீடு மாதிரி இருக்கும்னு போனேன். அங்க ஒருத்தன் இடிக்கிறான், ஒருத்தி திருப்புறா, ரெண்டு பேரும் வாயே தொறக்கல. ரெண்டு ஊமையப் பாக்கவா வந்தேன்னு திரும்பிட்டேன்."

டூஃபி கையை எடுத்துக்கொண்டாள். உலக்கை இறங்கியது.  பிறகு டூஃபி தலை நிமிராமலே பேசினாள்.

"உங்கண்ணி சந்தையில உக்காந்திருக்கறதைப் பாக்குறப்பல்லாம் அந்த இடத்துல நான் உக்காந்திருக்கற மாதிரியே தெரியுது. நான் அப்படி உக்கார மாட்டேன். அதுக்காகத்தான் உரலைத் தள்ளிவெச்சேன். உன்னை வதைக்கணும்னு இல்ல."

தொம்.

"தெரியும்."

தொம்.

"தெரிஞ்சா ஏன் மூஞ்சியத் தூக்கிவெச்சுக்கிட்டு சுவத்தப் பாத்துட்டே உக்காந்திருக்க?"

"ஃபுஃபு இல்லாம இருந்துருவேன் டூஃபி. நாக்கு செத்துப்போச்சு, கிடக்கட்டும். நீ என்கூடப் பேசறதில்லையே, அதைத்தான் என்னால முழுங்க முடியல."

"நான் பேசலையா? எப்பப் பேசறது? மீனை வெச்சாப் பிச்சுப் போட்டுட்டு எந்திரிச்சுடுற. ஒரு மீனு திங்கிற நேரத்துல எவ்வளவுதான் பேச முடியும்?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் உலக்கை விளிம்பில் பட்டு ஒரு கட்டி மாவு போசம்பெம் மாமாவின் துணியில் போய் ஒட்டியது. அதற்குப் பிறகு யாராலும் அவர்களை நிறுத்த முடியவில்லை. மகளின் வேலை, பட்டறையில் யாரோ மோட்டார் திருடியது, குழாயடியில் நடந்த சண்டை, கோசு ஃபுஃபுவைக் கோழி தொடாதது என்று சேர்த்துவைத்திருந்த அத்தனையும் உரலில் வந்து விழுந்தது. சட்டியில் குழம்பு கொதித்துக் கொதித்துச் சுண்டியது.

"அம்மா, அது எப்பவோ வெண்ணெயாயிடுச்சு," என்றார் மாமா. "எடுத்துப் போடு. நான் பஞ்சாயத்துக்குத்தான் வந்தேன், பட்டினிக்கு வரல."

உருண்டையை அவர் முன்னால் வைத்தாள். இவ்வளவு மழமழப்பாக ஒரு ஃபுஃபுவைத் தான் தின்றதே இல்லை என்று சொல்லிக்கொண்டே விழுங்கினார். நிமாக்கோ அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அதே குழம்பு, அதே ஆட்டிறைச்சி, உருண்டை மட்டும் இல்லை. அதற்குப் பதில் காளானும் கத்தரிக்காயும். மாமா ஒரு கிள்ளு எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.  டூஃபி அடுப்படியில் அப்படியே நின்றாள்.

"ஒரு வாய்தானே மாப்பிள்ள."

"நீங்க சாப்பிடுங்க மாமா," என்றான் அவன். "நான் இடிச்சதுலயே வயிறு நிறைஞ்சிருக்கு."

டூஃபி கரண்டியைக் கழுவ உள்ளே போய்விட்டாள். நெடுநேரம் கழுவினாள்.

சாப்பிட்டு முடித்ததும் மாமா பாட்டிலை வெளியே எடுத்தார். திருப்பிக் கொடுக்க வந்ததைத் திரும்ப எடுத்துப் போவது குடும்பத்துக்கு ஆகாது, கொடுக்கவும் இப்போது காரணம் இல்லை, ஆகையால் திறந்துவிடுவதுதான் முறை என்று அவரே தீர்ப்புச் சொன்னார். முன்னோர்களுக்குத் தரையில் கொஞ்சம் ஊற்றினார். நிமாக்கோ கையை நீட்டினான். "அதுலயும் சர்க்கரை" என்று டூஃபி உள்ளேயிருந்தே சொன்னாள். முன்னோர்கள் போக மிச்சத்தை மாமாதான் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம். மாமா ஊருக்குப் போய்விட்டார். உரல் முற்றத்திலேயே கிடந்தது, யாரும் அதைப் பின்னால் கொண்டுபோகவில்லை. நிமாக்கோ வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான். உரலைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தான். டூஃபி அடுப்படிக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். ஆட்டிறைச்சி வேகும் வாசனை வந்தது. இன்றைக்கு இவர்கள் எதை இடிப்பார்கள், யாருக்காக இடிப்பார்கள்? எனக்கு மனது கேட்கவில்லை. ஆனாலும் பசி எனக்காகக் காத்திருக்குமா, முனையிலிருந்து வாங்கிவந்த கென்கேயையும் பொரித்த மீனையும் பிரித்துவைத்துப் பாதிக்குமேல் சாப்பிட்டுவிட்டேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. டூஃபி. பக்கத்து அறையில் இத்தனை வருஷம் இருக்கிறாள், ஒரு சிட்டிகை உப்புக்கூட யாரிடமும் கேட்டறியாதவள். வாசலில் நின்று இடுப்புத் துணியின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாப்பிட்டாச்சா?"

என் கை முழுக்க மீன் எண்ணெய். முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"இல்லியே. இனிமேத்தான் ஏதாவது பாக்கணும்."

"வீட்டுல கிழங்கு இருக்கா? இருந்தா அவிச்சுக் குடுங்களேன். நாங்க உங்களுக்கு இடிச்சுத் தர்றோம். அவரு சும்மாதான் உக்காந்திருக்காரு."

"எனக்கு என்ன, ஒரு ஆளுக்குக் கொஞ்சம் போதுமே."

டூஃபி உள்ளே எட்டி என் கிழங்குக் கூடையைப் பார்த்தாள். அப்புறம் முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நிமாக்கோ பெஞ்சிலிருந்து எழுந்து உலக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நிறையவே போடுங்கக்கா," என்றாள் மெதுவாக. "கொஞ்சமா இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்."

கூடையில் இருந்த கிழங்கு முழுவதையும் தோல் சீவி அடுப்பில் ஏற்றினேன்.